கடல் நீர்நாய்கள் பெருகின, தொலைந்த மரபணு வகைகள் ஏன் திரும்பவில்லை?

கேள்வி இது: தோலுக்காக வேட்டையாடப்பட்டு இரண்டாயிரத்துக்கும் கீழே போன கடல் நீர்நாய்கள் இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. இருந்தும் அவற்றின் மரபணு வளம் குன்றியே இருக்கிறது என்கிறார்கள். குட்டி போட்டுப் பெருகும்போது மரபணுவும் சேர்ந்து பெருகாதா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எண்ணிக்கை சரியும்போது மரபணு வகைகள் எந்த வழியில் தொலைகின்றன என்பது ஒன்று. எண்ணிக்கை மீண்ட பிறகும் அவை ஏன் வருவதில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதன் விடை சின்னது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரில் பத்து ரக நெல் இருந்து, பெரும் பஞ்சத்தில் இரண்டு ரகத்தின் விதைநெல் மட்டும் தப்பினால், நான்கு போகத்தில் களஞ்சியம் நிறைந்துவிடும். போன எட்டு ரகம் எத்தனை போகம் விளைந்தாலும் வராது. வெளியூரிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும், அல்லது இருக்கும் பயிரில் புதிதாக ஒரு மாற்றம் தோன்ற வேண்டும். விலங்குகளிலும் வழி இந்த இரண்டுதான்: வேறு கூட்டத்திலிருந்து வந்து கலப்பது, அல்லது மரபணுப் பிறழ்வு. பிறழ்வு மிக மெதுவானது. டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட எழுத்து ஒரு தலைமுறையில் மாறும் வாய்ப்பு ஏறக்குறைய பத்துக் கோடியில் ஒன்று. வேட்டை நின்ற 1911 முதல் இன்று வரை, தலைமுறைக்கு எட்டு ஆண்டு என்று வைத்தால், கடல் நீர்நாய்களுக்குப் பதினான்கு தலைமுறைதான் ஆகியிருக்கிறது.

முதல் கேள்விக்குத்தான் விரிவாகப் போக வேண்டும். "சரிந்தது, அதனால் வளம் குறைந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். எவ்வளவு சரிந்தது, எத்தனை காலம் அந்த நிலையில் கிடந்தது, எத்தனை துண்டாகச் சிதறியது ஆகிய மூன்றும் தனித்தனியே வேலை செய்கின்றன. கடல் நீர்நாய் விஷயத்தில் இரண்டாவது காரணம் முதலாவதைவிடப் பெரியது என்பதே என் கருத்து.

வரலாறு சுருக்கமாக. ஜப்பானின் வடக்கிலிருந்து குரில் தீவுகள், கம்சாட்கா, அலூஷியன் தீவுகள், அலாஸ்கா வழியாக மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வரை வடபசிபிக்கின் விளிம்பு முழுக்க இவை வாழ்ந்தன. வேட்டைக்கு முன் ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை இருந்திருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. 1741-இல் ரஷ்யாவுக்காகக் கடலாய்வு செய்த பெரிங்கின் கப்பல் கமாண்டர் தீவுகளில் உடைந்தது. அங்கே குளிர்காலத்தைக் கழித்துத் தப்பியவர்கள் கொண்டுவந்த தோல்களைப் பார்த்த பிறகு வணிகம் சூடுபிடித்தது. கடல் நீர்நாய்க்கு மற்ற கடல் பாலூட்டிகளைப் போலத் தோலுக்கடியில் கொழுப்புப் படலம் கிடையாது. குளிரைத் தாங்குவது மயிர்தான். ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சத்துக்கும் மேற்பட்ட மயிர் இருக்கும், விலங்குகளிலேயே அடர்த்தியானது இதுதான். அதுவே அதற்கு எமனானது. 1911-இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடாவுக்காக பிரிட்டன் ஆகியவை கையெழுத்திட்ட உடன்படிக்கை வந்தபோது சுமார் பதின்மூன்று சிறு கூட்டங்கள் மிஞ்சியிருந்தன. எல்லாம் சேர்த்து ஓராயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை. அவற்றிலும் கனடாவின் ஹைடா க்வாய் தீவுகளிலும் மெக்சிகோவின் சான் பெனிட்டோ தீவுகளிலும் இருந்தவை பின்னர் அழிந்தன.

"இரண்டாயிரம் இருந்ததே, அது மோசமில்லையே" என்று தோன்றலாம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டாயிரமும் ஒன்றோடொன்று இணை சேரக்கூடிய ஒரே கூட்டமாக இருந்திருந்தால் இழப்பு மிகச் சிறிதாகவே இருந்திருக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் பதின்மூன்று துண்டாக இருந்ததால் ஒவ்வொரு துண்டும் தன் சரிவைத் தனியாகச் சந்தித்தது. கடல் நீர்நாய் நெடுந்தூரம் வலசை போகும் விலங்கு அல்ல. பெட்டை தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சில பத்துக் கிலோமீட்டர் கரைக்குள்ளேயே கழித்துவிடும். கடலின் அடியில் சிப்பியும் கடல்முள்ளியும் நண்டும் எடுத்துத் தின்கிற விலங்கு என்பதால் ஆழமான கடலைத் தாண்டி அடுத்த தீவுக்குப் போவது அரிது. ஆகவே 1911-இன் உலக எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் விடை தப்பும். கலிபோர்னியாவுக்கு உரிய எண் ஐம்பது. 1914-ஐ ஒட்டி பிக் சர் கரையில் எஞ்சியிருந்தவற்றின் மதிப்பீடு அதுதான்.

ஐம்பதிலிருந்து கணக்கைத் தொடங்குவோம். ஒவ்வொரு விலங்கிலும் ஒரு மரபணு இடத்துக்கு இரண்டு பிரதி உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒரே இடத்தில் வரக்கூடிய வெவ்வேறு வடிவங்களை அல்லீல் என்கிறோம். ஐம்பது விலங்கு என்றால் நூறு பிரதி. பழைய பெருங்கூட்டத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருந்த அரிய அல்லீல் இந்த நூறில் ஒன்றுகூட இல்லாமல் போகும் வாய்ப்பு 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் வரும்: 37 சதவீதம். பத்து விலங்கே மிஞ்சினால் பிரதி இருபது, அப்போது தொலையும் வாய்ப்பு 82 சதவீதம். அதே பத்து விலங்கில், முன்பு நூற்றுக்கு இருபது என்ற அளவில் பரவியிருந்த அல்லீல் தொலையும் வாய்ப்பு ஒரு சதவீதம்தான். சரிவின் அடி முதலில் அரியவற்றின் மேல் விழுகிறது, பரவலானவை தப்பிவிடுகின்றன என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. வேட்டைக்காரன் மரபணு பார்த்துச் சுடுவதில்லை. எது மிஞ்சியது என்பது தற்செயல்.

அடுத்த அளவுகோல் ஹெட்டிரோசைகஸ் விகிதம். ஒரு விலங்கை எடுத்தால் ஒரு மரபணு இடத்தில் இரண்டு பிரதியும் வேறுவேறாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே அது. இது பெரும்பாலும் பரவலான அல்லீல்களைச் சார்ந்தது, அதனால் ஒரே அடியில் அதிகம் விழாது. ஒவ்வொரு தலைமுறையிலும் அது குறையும் அளவு, ஒன்றை இரு மடங்கு பயனுறு எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும். பயனுறு எண்ணிக்கை என்பது தலைகளின் எண்ணிக்கை அல்ல, அடுத்த தலைமுறைக்கு மரபணு கொடுப்பதில் எத்தனை விலங்குக்குச் சமமாக அந்தக் கூட்டம் நடந்துகொள்கிறது என்பது. ஆண்களும் பெட்டைகளும் சமமாக, தற்செயலாக இணை சேர்ந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும். கடல் நீர்நாயில் அப்படி இல்லை. வலுவான ஆண் கரையோரத்தில் ஓர் எல்லையைப் பிடித்து வைத்துக்கொண்டு அங்கே வரும் பெட்டைகளோடு சேரும். இளம் ஆண்களும் எல்லை இல்லாதவையும் தனிக் கூட்டமாக ஒதுங்கிக் கிடக்கும். ஐம்பது விலங்கில் ஐந்து ஆண்கள் மட்டுமே தந்தையாகி நாற்பத்தைந்து பெட்டைகள் ஈன்றன என்று வையுங்கள். ஆண் எண்ணையும் பெண் எண்ணையும் நான்கால் பெருக்கி மொத்தத்தால் வகுக்கும் வாய்பாட்டின்படி பயனுறு எண்ணிக்கை பதினெட்டு. ஐம்பதைப் பார்த்து ஐம்பது என்று எண்ணிக் கணக்குப் போட்டவர் இழப்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து மதிப்பிட்டிருப்பார்.

இனி காலம். பயனுறு எண்ணிக்கை பதினைந்து என்று கொண்டால் ஒரு தலைமுறையில் போவது முப்பதில் ஒரு பங்கு, 3.3 சதவீதம். அந்த ஒரு தலைமுறையோடு கூட்டம் பெருகிவிட்டால் காயம் சிறியது. அதே பதினைந்தில் பத்துத் தலைமுறை கிடந்தால் 29 சதவீதம் போய்விடும். கலிபோர்னியாவில் நடந்தது இந்த இரண்டாவது வகை. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள்ளேயே நீர்நாய் அருகிப்போய்விட்டது. பிறகு உடன்படிக்கை வரும்வரையும் அதற்கப்பாலும் சிறு கூட்டமாகவே கிடந்தது. 1938-இல் பிக்ஸ்பி ஓடை அருகே ஒரு கூட்டம் இருப்பது வெளியுலகுக்குத் தெரிந்தது பெரிய செய்தியானது. அதன் பிறகும் வளர்ச்சி ஆண்டுக்கு ஐந்து சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஐம்பது விலங்கு ஐந்து சதவீதத்தில் வளர்ந்தால் எட்டு ஆண்டில் எழுபத்து நான்கு ஆகும். இருபது சதவீதத்தில் வளர்ந்தால் அதே எட்டு ஆண்டில் இருநூற்றைத் தாண்டும். ஒரே எண்ணிலிருந்து தொடங்கிய இரண்டு கூட்டங்களில் மெதுவாக ஏறியது தலைமுறை தலைமுறையாக இழந்துகொண்டே ஏறுகிறது.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 1999-இல் ஜேம்ஸ் பாட்கினும் கூட்டாளிகளும் தப்பிப் பிழைத்த கூட்டங்களையும் பிடித்துக் குடியேற்றப்பட்டவற்றையும் ஒப்பிட்டார்கள். தாய்வழி மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் வகைகளைப் பார்த்தபோது, ஒரு கூட்டம் தன் அடிமட்ட எண்ணிக்கையில் எத்தனை ஆண்டு கிடந்ததோ அதற்கேற்பப் பன்மை குறைந்திருந்தது. குடியேற்றப்பட்ட கூட்டங்கள் சில பத்து விலங்குகளிலிருந்து தொடங்கியும் தப்பிப் பிழைத்தவற்றைவிட மோசமாக இல்லை.

குடியேற்றம் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் போன்ற சோதனையை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. அலூஷியன் தீவுகளில் ஆம்சிட்காவை அமெரிக்கா நிலத்தடி அணுகுண்டுச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டுகளில், 1965 முதல் 1972 வரை, அங்கிருந்தும் அலாஸ்காக் கரையின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற விரிகுடாவிலிருந்தும் பிடிக்கப்பட்டவை வேட்டையில் வெறுமையான கரைகளில் விடப்பட்டன. தென்கிழக்கு அலாஸ்காவில் சுமார் 400, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 89, வாஷிங்டன் மாநிலத்தில் 59, ஆரிகானில் 90-க்கு மேல். வாஷிங்டனில் விட்டவற்றில் பல முதல் வாரங்களிலேயே செத்தன. பிடித்துக் கொண்டுபோகும்போது மயிர் அழுக்கானால் காற்று தங்காது, குளிர் உள்ளே இறங்கி விலங்கு சாகும். அதனால் பிடிபட்டது கரை சேர்ந்தாலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. 1977-இல் எண்ணியபோது வாஷிங்டனில் 19 மட்டுமே தென்பட்டன. ஆரிகானில் விட்டவை 1980-களின் தொடக்கத்துக்குள் இல்லாமலே போயின. ஆனால் பிழைத்த இடங்களில் இரை குவிந்து கிடந்தது, ஆண்டுக்கு இருபது சதவீதம் வரை வளர்ந்தன. இன்று தென்கிழக்கு அலாஸ்காவில் இருபதாயிரத்துக்கு மேல், பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வாஷிங்டனிலும் ஆயிரக்கணக்கில். இந்த வேகம்தான் அவற்றைக் காப்பாற்றியது. தென்கிழக்கு அலாஸ்காவுக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் இன்னொரு நன்மையும் கிடைத்தது: இரண்டு வேறு மூலங்களிலிருந்து விலங்குகள் வந்து கலந்தன.

இந்த இரண்டு மூலம் என்பது முக்கியம். பதின்மூன்று துண்டாகச் சிதறியதால் ஒவ்வொரு துண்டும் ஏழையானது. ஆனால் எல்லாத் துண்டுகளும் ஒரே அல்லீல்களை இழக்கவில்லை. ஆம்சிட்காவில் தொலைந்தது பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் மிஞ்சியிருக்கலாம், அங்கே தொலைந்தது இங்கே இருக்கலாம். அதனால் உயிரினம் முழுவதையும் எடுத்தால் இழப்பு ஒரு கூட்டத்தின் இழப்பைவிடக் குறைவு. சிதறல் உள்ளுக்குள் குறைத்து, கூட்டங்களுக்கு இடையே வேறுபாட்டைக் கூட்டுகிறது. இதை மறந்துவிட்டு "கடல் நீர்நாய் மரபணு வளம் இழந்தது" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், சரிசெய்ய வழி இருப்பது கண்ணில் படாது.

முன்பு எவ்வளவு இருந்தது என்பது எப்படித் தெரியும்? இன்றைய விலங்கின் ரத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழைய அளவைச் சொல்வது ஊகம். நல்வாய்ப்பாக, ஐரோப்பிய வணிகம் வருவதற்கு முன் கரையோரப் பழங்குடிகள் நீர்நாயைத் தின்று எலும்புகளைக் குடியிருப்பை ஒட்டிய குப்பைமேடுகளில் போட்டிருக்கிறார்கள். குளிரும் ஈரமும் உள்ள அந்த மண்ணில் தாடையும் பல்லும் டிஎன்ஏவோடு மிஞ்சின. ஷான் லார்சனும் கூட்டாளிகளும் 2002-இல் அப்படிப்பட்ட ஒரு பழைய கூட்டத்தை இன்றைய ஐந்து கூட்டங்களோடு ஒப்பிட்டார்கள். பார்த்தது நான்கு மைக்ரோசாட்டலைட் குறியீடுகள். மைக்ரோசாட்டலைட் என்பது இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டு. ஒரு விலங்கில் பதினான்கு முறை வரும், இன்னொன்றில் பதினேழு முறை வரும், அந்த நீள வேறுபாடே அல்லீல். முடிவு: இன்றைய கூட்டங்கள் குறைந்தது 62 சதவீத அல்லீல்களையும் 43 சதவீத ஹெட்டிரோசைகஸ் விகிதத்தையும் இழந்திருந்தன. அல்லீல் இழப்பு அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இருப்பது மேலே போட்ட கணக்கோடு பொருந்துகிறது.

இந்த எண்களைப் பிடித்துக்கொள்ளும் முன் ஆய்வகத்தில் எங்கே தவறலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய எலும்பின் டிஎன்ஏ நொறுங்கி, நூறு எழுத்துக்கும் குறைவான துண்டுகளாகக் கிடக்கும். எலும்பின் மேற்புறத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்ளே மெதுவாகத் துளையிட்டுப் பொடி எடுக்க வேண்டும். துளைக்கருவி வேகமாகச் சுழன்றால் சூட்டிலேயே மிச்சமும் போய்விடும். இன்றைய நீர்நாய் மாதிரி ஒருபோதும் நுழையாத தனி அறையில் இதைச் செய்ய வேண்டும், எலும்புப் பொடி இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றையும் கூடவே கடைசி வரை ஓட்ட வேண்டும். அந்த வெற்றுக் குழாயில் ஏதாவது தென்பட்டால் அன்றைய மாதிரிகள் அனைத்தும் சந்தேகத்துக்குரியவை. பெரிய தொல்லை அல்லீல் நழுவல். பதினான்கும் பதினேழும் உள்ள விலங்கில், பிரதி எடுக்கும்போது நீளமானது பிடிபடாமல் குட்டையானது மட்டும் பெருகினால், திரையில் ஒரே ஒரு முகடு தெரியும். அதை இரண்டும் ஒரே வகை என்று எழுதிவிடுவோம். அதனால் இரண்டு முகடு தெரிந்தால் இரண்டு முறையும், ஒரே முகடு தெரிந்தால் அதைவிடப் பல முறையும் திரும்பச் செய்த பிறகே பதிவு செய்வது வழக்கம். கவனிக்க வேண்டியது, இந்தப் பிழை பழைய கூட்டத்தைத்தான் ஏழையாகக் காட்டும். அப்படியிருந்தும் பழைய கூட்டம் வளமாகத் தெரிந்தது என்றால் உண்மை வேறுபாடு அதைவிடப் பெரியதாக இருக்கலாமே தவிர சிறியதாக இருப்பது கடினம். மாதிரி எண்ணிக்கைப் பிழை வேறு வகை. இருபது விலங்கைப் பார்த்தால் கிடைப்பதைவிட நூறைப் பார்த்தால் அதிக அல்லீல் கிடைக்கும். ஆகவே ஒப்பிடும்போது பெரிய தொகுதியைச் சிறியதன் அளவுக்குக் கணக்கால் குறைத்துத்தான் பார்க்க வேண்டும். நான்கு குறியீடு என்பது முழு மரபணுத் தொகுப்பு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 62-ஐயும் 43-ஐயும் அந்த நான்கு இடங்களின் அளவாகப் பாருங்கள், திசையைப் பற்றி ஐயம் வேண்டாம்.

பழி முழுவதும் தோல் வணிகத்தின் மேல்தானா? இங்கே நிதானம் வேண்டும். அதே 2002 ஆய்வில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ பழைய எலும்புகளிலும் வேறுபாடு குறைந்ததாகவே இருந்தது. அதாவது வேட்டைக்கு முன்பே, ஒருவேளை பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இந்த உயிரினம் ஏதோ ஒரு நெருக்கடியைக் கடந்திருக்கலாம். மாண்டரே பே மீன்காட்சியகத்தில் இருந்த கிட்ஜெட் என்ற, கலிபோர்னியாவின் தெற்கு வகைக் கடல் நீர்நாயின் முழு மரபணுத் தொகுப்பு 2019-இல் வெளியானபோதும் அதில் ஹெட்டிரோசைகஸ் விகிதம் மிகக் குறைவாகவே இருந்தது. 2023-இல் நூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகளை ஆராய்ந்த பணியில், பார்த்த ஒவ்வொரு கூட்டத்திலும் அண்மைக் காலக் கடும் சரிவின் தடம் பதிந்திருந்தது. ஆக, வணிகத்தின் அடி உறுதி. அது விழுந்தது ஏற்கெனவே அவ்வளவாக வளமில்லாத உடம்பின் மேல் என்பது பெரும்பாலும் சரி. இரண்டின் பங்கையும் சதவீதத்தில் பிரித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

இதனால் இன்று விலங்குக்கு என்ன கெடுதல் என்பதில்தான் ஐயம் அதிகம். கொள்கை தெளிவானது. ஒவ்வொரு விலங்கும் சில பழுதான அல்லீல்களைச் சுமக்கிறது. மற்றப் பிரதி நல்லதாக இருக்கும்வரை தெரியாது. உறவுக்குள்ளேயே இணை சேரும்போது இரண்டும் பழுதான குட்டி பிறக்கும். ஃப்ளோரிடாவில் முப்பதுக்கும் கீழே போன பூமாக்களில் (பெரிய பூனையின வேட்டை விலங்கு) வளைந்த வால், இறங்காத விந்தகம், இதயக் கோளாறு என்று அது கண்ணெதிரே தெரிந்தது. 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெட்டைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகு அந்தக் குறைகள் குறைந்தன, எண்ணிக்கையும் ஏறியது. எதிர்த் திசையில் வடக்கு யானைச் சீல் இருக்கிறது. 1890-களில் நூற்றுக்கும் கீழே போனது. 1974-இல் 24 மரபணு இடங்களைப் பார்த்தபோது ஒன்றில்கூட வேறுபாடு இல்லை. ஆனாலும் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கிறது. கடல் நீர்நாய் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. பூமாவில் போலக் கண்ணுக்குத் தெரியும் குறை எதுவும் கூட்டம் கூட்டமாகப் பதிவாகவில்லை.

கலிபோர்னியாக் கூட்டம் மெதுவாக வளர்வதற்கு உட்கலப்பே, அதாவது உறவுக்குள் இணை சேர்வதே, காரணம் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அங்கே வயதுவந்த விலங்குகள் வெண்சுறாவின் கடியில் சாகின்றன. பூனைக் கழிவு வழியாக ஆற்றுநீரில் கலந்து கடலுக்கு வரும் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியால் சாகின்றன. நுண்பாசியில் உண்டாகும் டொமோயிக் அமிலம் என்ற நஞ்சாலும் சாகின்றன. நாளுக்கு உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு தின்ன வேண்டிய விலங்கு இது, கரையின் நடுப்பகுதியில் இரை குறைந்துவிட்டது. பெட்டை ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனுவதில் குறையில்லை. இவ்வளவு காரணங்கள் கண்முன்னே இருக்கும்போது மரபணுவை முதல் குற்றவாளியாக நிறுத்த ஆதாரம் போதாது. நோயை எதிர்க்கும் மரபணுக்களில் வகை குறைந்திருப்பதால் புதிய தொற்று வந்தால் எல்லாம் ஒரே மாதிரி வீழலாம் என்ற கவலை நியாயமானது. ஆனால் அது வரப்போகும் ஆபத்து பற்றிய கணிப்பு.

சரிவு ஒரு தடவையோடு நிற்பதுமில்லை. 1990-களில் அலூஷியன் தீவுகளில் நீர்நாய்கள் மறுபடி வேகமாகச் சரிந்தன. கொலையாளித் திமிங்கிலங்கள் தின்றதே முதன்மைக் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். 2005-இல் தென்மேற்கு அலாஸ்காக் கூட்டத்தை அமெரிக்க அரசு அச்சுறுத்தலுக்குள்ளானது என்று அறிவித்தது. ஆம்சிட்காவும் அந்தப் பகுதிக்குள்தான் வருகிறது. நீண்ட காலப் பயனுறு எண்ணிக்கை சாதாரண சராசரி போல் நடக்காது, தாழ்ந்த தலைமுறையே அதைத் தீர்மானிக்கும். நான்கு தலைமுறை பத்தாயிரமும் ஒரு தலைமுறை ஐம்பதுமாக இருந்தால் சாதாரண சராசரி எட்டாயிரம், பயனுறு சராசரி சுமார் 245. அதனால் இப்போது ஏற்படும் இரண்டாம் சரிவு முதலாவதன் கணக்கில் போய்ச் சேர்ந்துகொள்ளும். 1960-களில் ஆம்சிட்காவிலிருந்து பெயர்த்து விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் தெற்கே வாழ்வது இந்த நிலையில் பெரிய ஆறுதல்.

என்ன செய்யலாம் என்ற கேள்வியும் உள்ளே இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். எண்ணிக்கையைக் கூட்டுவது இழப்பை நிறுத்தும், போனதைத் தராது. தருவது இணைப்பு மட்டும்தான். தலைமுறைக்கு ஒன்றிலிருந்து பத்து விலங்கு வரை ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் அங்கே ஈன்றால் போதும் என்பது மரபியலில் நெடுநாளாக உள்ள வழிகாட்டு விதி. போனால் மட்டும் போதாது, ஈன வேண்டும். கலிபோர்னியாவில் 1987 முதல் 1990 வரை சான் நிக்கோலஸ் தீவுக்கு 140 நீர்நாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். பெரும்பாலானவை நீந்திப் பழைய இடத்துக்கே திரும்பின அல்லது காணாமல் போயின, தங்கியவை மிகச் சில. இன்று அங்கே நூற்றுக்கு மேல் இருந்தாலும் அவை அந்தச் சிலவற்றின் வாரிசுகள். மூலமும் அதே கலிபோர்னியாக் கூட்டம்தான். எண்ணெய்க் கசிவு வந்தால் தப்பிக்க ஒரு தனித் தொகுதி கிடைத்தது, புது அல்லீல் ஒன்றும் கிடைக்கவில்லை.

கலிபோர்னியாவின் வடக்கு எல்லையிலிருந்து வாஷிங்டன் கூட்டம் வரை ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் கரை வெறுமையாகக் கிடக்கிறது. நடுவே ஆரிகான். அங்கேயும் வடகலிபோர்னியாவிலும் மறுபடி குடியேற்றுவது சாத்தியமே என்று அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை 2022-இல் மதிப்பிட்டது. எந்த மூலத்திலிருந்து எடுப்பது என்பதுதான் சிக்கல். ஆரிகானின் பழைய எலும்புகளை 2008-இல் பார்த்த ஆய்வு அவற்றைக் கலிபோர்னியாவோடு சேர்த்தது, பின்னர் வந்த பணிகள் வடக்கோடும் உறவு காட்டின. பழைய நாளில் ஆரிகான் இரண்டு பக்கமும் கலந்த இடைப்பகுதியாக இருந்திருக்க வேண்டும் என்று இதை நான் வாசிக்கிறேன். இரண்டு மூலத்திலிருந்தும் எடுத்தால் வளம் கூடும். தொலைதூரக் கலப்பில் அந்தந்த இடத்துக்குப் பழகிய குணங்கள் சிதறலாம் என்ற எதிர்வாதமும் உண்டு. ஆனால் இரண்டு மூலத்தைக் கலந்த தென்கிழக்கு அலாஸ்காவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் ஐம்பது ஆண்டுக்கு மேலாக நன்றாகவே வளர்ந்திருக்கின்றன. நான் திட்டம் போடுவதாக இருந்தால் இரண்டு பக்கமிருந்தும் எடுப்பேன். ஒரே தடவையில் ஐம்பதை விட்டுவிட்டுக் கைகழுவாமல் சில ஆண்டுகள் இடைவெளி விட்டுப் பலமுறை விடுவேன். தாயைப் பிரிந்து வளர்ப்பில் தேறிய இளம் விலங்குகளையும் சேர்ப்பேன், ஏனென்றால் வளர்ந்தவற்றைப் போல அவை பழைய இடத்தைத் தேடி நீந்திப் போவதில்லை. விடும் ஒவ்வொன்றிடமிருந்தும் முன்கூட்டியே பின்னங்காலின் தோல்நுனியில் துளியளவு திசு எடுத்து வைத்துக்கொள்வது கட்டாயம். பத்து ஆண்டு கழித்து அங்கே பிறந்த குட்டிகளின் டிஎன்ஏவை அதோடு ஒப்பிட்டால், விடப்பட்டவற்றில் உண்மையில் எத்தனை பெற்றோராயின, அடுத்த தடவை எங்கிருந்து எத்தனை எடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.